அடுப்புப் புகையும் வலப்பக்க இதயமும்



இரத்த அழுத்தம் என்றதும் நம் நினைவுக்கு வருவது, கையில் பட்டை சுற்றி அளக்கும் அழுத்தமே. அதனை அறியாத பெரியவர் நம் இல்லங்களில் இல்லை. காலைப் பசியாறலுக்கு முன் 'பிரஷர் மாத்திரை போட்டாச்சா?' என்னும் கேள்வி பேகம்பூரின் எல்லாத் தெருக்களிலும் ஒலிக்கும். ஆனால் உடலினுள் மற்றோர் இரத்த அழுத்தம் உண்டு. கைப்பட்டை அதனைக் காட்டாது. கையில் 120/80 என்று சீராக இருப்பவருக்கே அது இருமடங்காக ஏறியிருக்கலாம். நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களில் உண்டாகும் அந்த அழுத்தத்தைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம்.

இதயத்திற்கு இரு பக்கங்கள். இடப்பக்கம் உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புகிறது. வலப்பக்கத்தின் வேலையோ, உடலைச் சுற்றிவந்த இரத்தத்தைப் பக்கத்து வீடான நுரையீரலுக்கு அனுப்பி வைப்பது மட்டுமே. தூரம் குறைவு, சுமை இலேசு. ஆகவே அல்லாஹ் வலப்பக்கச் சுவரை மெல்லியதாகவே படைத்திருக்கின்றான். நலமாக உள்ளவரின் நுரையீரல் தமனியில் சராசரி அழுத்தம் சுமார் 14 மி.மீ. பாதரசம். அது 20ஐத் தாண்டினாலே மருத்துவர்கள் அதனை நுரையீரல் இரத்த அழுத்த நோய் என்கின்றனர். முன்னர் 25 என்பதே எல்லை; 2018இல் பிரான்ஸ் நாட்டின் நீஸ் நகரில் கூடிய வல்லுநர்கள் அதனைக் குறைத்தனர். நூற்றுக் கணக்கிலேயே பேசிப் பழகிய நமக்கு 20 என்பது அற்பமாகத் தோன்றும். மெல்லிய சுவருக்கு அது அற்பமன்று.

இந்நோய் வரும் வழிகள் பல. அவற்றுள் நம் தெருக்களுக்கு மிக நெருக்கமானது, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மருத்துவச் சீட்டில் 'சி.ஓ.பி.டி.' என்று எழுதப்படுவது இதுவே. வீடுகளில் இதற்கு இளைப்பு, மார்ச்சளி, வீசிங் என்று பல பெயர்கள். மூச்சுக் குழல்கள் சுருங்கி, காற்றைத் தாங்கும் நுண்ணறைகள் சிதைந்து, உள்ளே போன காற்று வெளியே வர மறுக்கும் நிலை அது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இந்நோயால் இறந்தனர். பல ஆண்டுகள் இந்நோயோடு வாழ்பவர்களில் கணிசமானோருக்கு நுரையீரல் இரத்த அழுத்தமும் சேர்ந்து கொள்கிறது. பெரும்பாலோருக்கு அது மிதமாகவே ஏறும். மிகச் சிலருக்கே கடுமையாகும். மிதமாக ஏறியதும் ஆயுளைக் குறைக்கவல்லது.

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு புகையைப் பற்றிப் பேசினால் முதலில் சுருட்டைத்தான் பேசவேண்டும். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அடங்கியிருப்பதால் பேகம்பூர் என்று பெயர்பெற்ற இப்பகுதியை வெளியூரார் அறிவது குறைவு. திண்டுக்கல் சுருட்டையோ கடல்கடந்தும் அறிந்திருந்தனர். ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டு ஆலை இவ்வூரில் இருந்தது. புகையிலை இந்த மண்ணின் பயிர். பீடியும் சுருட்டும் பிடித்து நெஞ்சு கட்டிய ஆண்களைச் சிறுவயது முதலே கண்டு வளர்ந்தோம். ஆதலால் இந்நோய் புகைபிடிக்கும் ஆண்களின் நோய் என்றே ஊரில் ஓர் எண்ணம் நிலைத்துவிட்டது. அந்த எண்ணத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

எங்கள் பெரியம்மாவுக்கு இப்போது வயது அறுபத்தேழு. பீடியைக் கையால் தொட்டதில்லை. பெரியத்தா தோல்ஷாப்பில் வேலை செய்தவர். அவர் கூலி எட்டுப் பேர் கொண்ட குடும்பத்திற்குப் போதவில்லை. எனவே பெரியம்மா ஆப்பமும் இடியாப்பமும் சுட்டு விற்றார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். தஹஜ்ஜுத் தொழுதுவிட்டு அடுப்பைப் பற்ற வைப்பார். விறகு கிடைத்தால் விறகு. விலை ஏறினால் மரத்தூள் அடுப்பு. மழைக்காலத்தில் இரண்டுமே நமுத்துப்போய் வீடெங்கும் புகை. தாழ்ந்த ஓட்டுக் கூரை, ஒரேயொரு சன்னல். ஊதுகுழலை வாயில் வைத்து அவர் ஊதும்போது, ஊதிய மூச்சுக்குப் பதிலாக உள்ளே திரும்பியது புகைதான். அந்த ஆப்பக் காசில்தான் மூன்று பெண்களின் நிகாஹ் நடந்தது. நாங்கள் மதரஸாவில் ஓதிய காலத்தில் எங்களுக்குச் சேர்ந்த முதல் கிதாபும் அந்தக் காசில் வாங்கப்பட்டதே.

அறுபதைத் தாண்டியதும் மார்கழிதோறும் அவருக்கு இருமல் முற்றும். தை பிறந்ததும் தணியும். பிறகு தணியாமல் நின்றது. மாடிப்படி ஏறமுடியவில்லை. அடுத்து ஒளு செய்யக் குனிந்தாலே மூச்சு வாங்கியது. பின்னர் இரு கால்களும் வீங்கின. அழுத்தினால் குழி விழுந்தது. வந்தவரெல்லாம் சிறுநீரகம் என்றனர். மதுரையில் நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் குழாயில் ஊதச் செய்து பார்த்தார், விரலில் கருவியை மாட்டினார், 84 காட்டியது. பிறகு கேட்டார்:

"வீட்ல யாராவது பீடி, சிகரெட் பிடிப்பாங்களாம்மா?"

"இல்லைங்க தம்பி. எங்க வீட்டுக்காரருக்கும் அந்தப் பழக்கம் இல்ல."

"அப்ப எந்த அடுப்புல சமைச்சீங்க? எத்தனை வருஷம்?"

இந்த இரண்டாம் கேள்வியைக் கேட்கத் தெரிந்த மருத்துவர் வாய்த்தது அல்லாஹ்வின் அருள் என்றே சொல்வோம். எக்கோ எடுத்ததில் இதயத்தின் வலப்பக்க அறை விரிந்திருப்பது தெரிந்தது. கால் வீக்கத்தின் மூலம் சிறுநீரகம் அன்று. நுரையீரலுக்குள் இரத்தத்தைத் தள்ள முடியாமல் களைத்த வலப்பக்க இதயம்.

நுரையீரல் கெட்டால் இதயம் ஏன் களைக்க வேண்டும்? மருத்துவர் சொன்னதையும் பின்னர் படித்ததையும் சேர்த்து, எங்கள் மாணவர்களுக்குச் சொல்வதுபோல் இங்கே சொல்கின்றோம். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுபவரைப் பார்த்திருப்பீர்கள். விளையாத பாத்திக்குச் செல்லும் மடையை அடைத்து, விளையும் பாத்திக்கு நீரைத் திருப்புவார். நுரையீரலும் அதையே செய்கிறது. எந்த நுண்ணறைக்குக் காற்று வரவில்லையோ, அதற்குச் செல்லும் இரத்தக் குழாயைச் சுருக்கி, காற்றுள்ள அறைக்கு இரத்தத்தைத் திருப்பி விடுகிறது. ஸ்டாக்ஹோம் நகரில் ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் எனும் இரு அறிஞர்கள் 1946இல் இதனை விளக்கினர். சுப்ஹானல்லாஹ், எத்துணை நுட்பமான ஏற்பாடு! சளி பிடித்து நுரையீரலின் ஒரு மூலை அடைபட்டால் இந்த ஏற்பாடே நம்மைக் காக்கிறது. ஆனால் தோட்டம் முழுவதிலும் காற்றுப் பஞ்சம் வந்தால், எல்லா மடைகளும் ஒருசேர அடைபடும். கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். நீர் போக வழியிராது. அந்த மோட்டார்தான் வலப்பக்க இதயம்.

இது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது, சுருங்கிய குழாய்களின் சுவர்கள் தடித்துப் போகின்றன. சிதைந்த நுண்ணறைகளோடு அவற்றைச் சுற்றியிருந்த நுண்குழாய்களும் அழிகின்றன. வலப்பக்க அறை முதலில் தசை தடித்து ஈடுகொடுக்கப் பார்க்கும். பிறகு விரிந்து தளரும். உள்ளே இடமில்லாத இரத்தம் பின்னோக்கித் தேங்கும். கழுத்து நரம்பு புடைப்பதும், கல்லீரல் வீங்கி வயிறு கனப்பதும், கால் வீங்குவதும் அதனால்தான்.

இனி அந்த இரண்டாம் கேள்விக்கு வருவோம். 'புகைபிடிக்காத பெண்ணுக்கு இந்நோய் எப்படி?' என்று இந்நாட்டில் முதன்முதலாக அக்கறையோடு ஆராய்ந்தவர்களுள் ஒருவர் டாக்டர் எஸ். பத்மாவதி. 1917இல் பர்மாவில் பிறந்தவர். 1942இல் ஜப்பானியப் படையெடுப்புக்குத் தப்பித் தாயுடனும் சகோதரிகளுடனும் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். லண்டனிலும் அமெரிக்காவிலும் இதய மருத்துவம் பயின்று, 1953இல் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். அங்கே வலப்பக்க இதயம் தளர்ந்து வருவோரில் பெண்கள் ஏராளமாக இருந்தனர். அவர்களுக்கு நோய் ஆண்களைவிட இளவயதிலேயே வந்திருந்தது. பெரும்பாலோர் புகைபிடிக்காதவர்கள். 127 நோயாளிகளைப் பற்றிய அவரது ஆய்வு 1959இல் அமெரிக்க இதய மருத்துவ இதழொன்றில் வெளியானது. வறட்டியும் விறகும் எரியும் காற்றோட்டமில்லாத சமையற்கட்டின் மீதே அவருடைய சுட்டுவிரல் நீண்டது. 103 ஆண்டுகள் வாழ்ந்த அந்த மருத்துவர், 2020 ஆகஸ்ட் 29 அன்று கொரோனாவால் நுரையீரல் தாக்கப்பட்டு டெல்லியில் காலமானார்.

நம் மாநிலத்திலும் இது ஆராயப்பட்டிருக்கின்றது. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில், புகைபிடிக்காத 900 பெண்களைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பரிசோதித்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் அடைப்பு நோய் இருந்தது. நாள்தோறும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் அடுப்படியில் நிற்போரிடம் அது அதிகம். ஒரு வீட்டுச் சமையலுக்கே இந்தக் கணக்கு என்றால், ஊருக்கு ஆப்பம் சுட்டவரின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

2006 தேர்தலுக்குப் பின் தமிழக அரசு தந்த இலவச எரிவாயு அடுப்பும், 2016இல் மத்திய அரசு தொடங்கிய உஜ்வலா திட்டமும் பெண்களின் நுரையீரலுக்குச் செய்த நன்மை பெரிது. எனினும் சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் கொல்லைப்புறத்தில் விறகடுப்பு மீண்டும் எரிவதைக் காண்கின்றோம். வெந்நீருக்கு மட்டும் என்பார்கள். குளிர்காலத்தில் எட்டுப் பேருக்கு வெந்நீர் என்பது சிறிய அடுப்பன்று. நம் பண்டாரிகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. திண்டுக்கல் பிரியாணியின் புகழுக்காக விறகுத் தீயின் மேல் குனிந்து நிற்கும் அவர்களில் எத்தனை பேரை ஒரு முறையேனும் குழாயில் ஊதச் செய்து பார்த்திருக்கின்றோம்? நிகாஹ் விருந்து முடிந்தபின் சோற்றைப் பாராட்டுகின்றோம், ஆளை விசாரிப்பதில்லை.

நோயை அறிவது எப்படி? நுரையீரல் நோயுள்ளவருக்கு மூச்சு வாங்குவது இயல்பே. ஆகவே அழுத்தம் ஏறியதை மூச்சை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஊதும் சோதனையில் அடைப்பு முன்போலவே இருந்தும் மூச்சுத்திணறல் மட்டும் கூடிக்கொண்டே போனால் சந்தேகிக்க வேண்டும். கால் வீக்கம், உதடு நீலம் பாய்தல், நடக்கையில் கண் இருட்டிக் கொண்டு வருதல் ஆகியவையும் குறிகளே. எக்கோ அழுத்தத்தை உத்தேசமாகச் சொல்லும். உறுதியாக அளக்க, இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழலை இதயத்தின் வலப்பக்கத்திற்குள் செலுத்த வேண்டும். எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல், நுரையீரலில் இரத்தக் கட்டி, இடப்பக்க இதயக் கோளாறு ஆகியவையும் இதே அழுத்தத்தைத் தரும் என்பதால் மருத்துவர் அவற்றையும் தேடுவார். ஸ்கேன் மேல் ஸ்கேன் எழுதுகிறாரே என்று சலித்துக் கொள்ளாதீர்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கருவி பல வீடுகளில் உள்ளது. அதனை எடுத்துப் பாருங்கள். ஆனால் ஒன்று: கறுத்த தோலில் அக்கருவி உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டக்கூடும் என்று 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு எடுத்துரைத்தது. 90 காட்டுகிறதே என்று அமைதியடையாமல், மருத்துவமனையில் தமனி இரத்தத்தை எடுத்து ஒருமுறை சோதித்துக் கொள்வது நன்று.

சிகிச்சை பற்றிச் சொல்லும்போது எங்கள் இல்லத்தில் நடந்த விவாதம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வளைகுடாவில் பணியாற்றும் எங்கள் தம்பி ஒருவர், நுரையீரல் இரத்த அழுத்தத்திற்கென்றே மாத்திரைகள் இருப்பதை அறிந்து, அவற்றை வாங்கி அனுப்புவதாகச் சொன்னார். பாசம்தான். ஆனால் அம்மாத்திரைகள் வேறு வகை நுரையீரல் இரத்த அழுத்தத்திற்கு உரியவை. அவை குழாய்களை விரிப்பவை. மடை உவமையை நினைவில் கொள்ளுங்கள்: விளையாத பாத்தியின் மடையையும் அவை திறந்து விட்டுவிடும். காற்றில்லாத அறைக்கு இரத்தம் போய், காற்றேறாமலேயே திரும்பும். உடலில் ஆக்சிஜன் மேலும் குறையும். அத்தகைய மருந்தொன்றை அடைப்பு நோயாளிகள் மூச்சில் இழுக்கும்படி கொடுத்துப் பார்த்த அண்மைக்கால ஆய்வு, நன்மையைவிடத் தீங்கு மிகுந்ததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. கடுமையாக அழுத்தம் ஏறிய மிகச் சிலருக்கு மட்டும், பெரிய மையங்களில், வல்லுநர்கள் கூடி முடிவெடுப்பதுண்டு. கடையில் வாங்கி விமானத்தில் அனுப்பும் மருந்து அன்று அது.

அப்படியானால் எது உதவும்? புகையை முற்றாக நிறுத்துவது. இன்ஹேலரை முறையாக இழுப்பது. நீர்கோத்த உடலுக்கு நீர் பிரிக்கும் மாத்திரை. காய்ச்சல் தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி. ஏனெனில் ஒவ்வொரு சளிக்காய்ச்சலும் இந்த இதயத்தை ஒரு படி கீழே தள்ளுகிறது. பயிற்சியாளர் சொல்லித்தரும் மூச்சுப் பயிற்சியும் நடையும். இவையெல்லாம் இருந்தும், இரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோனவருக்கு ஆயுளை நீட்டித் தந்ததாக நிரூபிக்கப்பட்டது ஒன்றுதான்: ஆக்சிஜன்.

நம் இல்லங்களில் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருப்பதும் இதுவே. பெரியம்மாவின் படுக்கையருகே ஆக்சிஜன் இயந்திரம் வந்த மறுநாள், சொந்தங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஒரு சாச்சி யாசீன் ஓதத் தொடங்கிவிட்டார். மூக்கில் குழாய் என்றாலே இறுதி வேளை என்று 2021ஆம் ஆண்டு நம் மனத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கின்றது. பெரியம்மாவோ யாராவது வாசலில் ஸலாம் சொன்னதும் குழாயைக் கழற்றித் தலையணைக்கு அடியில் மறைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்து உட்காருவார். வந்தவர் போகும்வரை மூச்சுக்குப் போராடிக்கொண்டே நலம் விசாரிப்பார்.

ஆக்சிஜன் இங்கே கடைசி நேர உதவி அன்று, நாள்தோறும் அளவோடு கொடுக்கும் மருந்து. 1981இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 87 நோயாளிகள் இருந்தனர். நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் பெற்ற 42 பேரில் ஐந்து ஆண்டுகளுக்குள் 19 பேர் இறந்தனர். பெறாத 45 பேரில் 30 பேர் இறந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வில், இரவில் மட்டும் பெற்றவர்களின் இறப்பு, பகலிலும் இரவிலும் பெற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. ஆக, மணிக்கணக்கே இங்கு மருந்தின் அளவு. மூச்சு வாங்கும்போது மட்டும் பத்து நிமிடம் வைத்துக்கொள்வது, பிரஷர் மாத்திரையைத் தலைவலிக்கும் நாளில் மட்டும் விழுங்குவதைப் போன்றது.

எல்லா நோயாளிக்கும் இயந்திரம் வேண்டும் என்பதும் சரியன்று. ஓய்வில் இருக்கும்போது 88 விழுக்காடோ அதற்குக் கீழோ இருப்பவருக்கே இப்பயன் உறுதி. மிதமாகக் குறைந்த 738 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் ஆயுள் நீளவில்லை. இன்னொன்று, அந்த இயந்திரத்தின் திருகு. மருத்துவர் இரண்டு லிட்டர் என்றால் இரண்டுதான். பாவம் மூச்சு வாங்குகிறதே என்று மகளோ மருமகளோ நான்குக்குத் திருகிவிட்டால், சிலருக்கு உடலில் கரியமில வாயு தேங்கி மயக்கமே வரும். இத்தகையோருக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்பதே மருத்துவர்கள் வகுத்த அளவு. 98 காட்ட வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள்.

தீயும் ஆக்சிஜனும் சேரக்கூடாது. அறையில் கொசுவர்த்தி இல்லை, ஊதுபத்தி இல்லை, வெள்ளி இரவுகளில் வீடெங்கும் காட்டும் சாம்பிராணி இல்லை. சாம்பிராணியை நிறுத்தச் சொன்னபோது வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது. நறுமணம் நபிவழிதான், ஐயமில்லை. அத்தரும் நறுமணம்தான், அது நுரையீரலை எரிக்காது என்று சொன்னோம். ஆயினும் நோயாளியின் மூச்சுக்கு அத்தர் நெடியும் ஒவ்வாவிட்டால் அதனையும் வெளியே வைத்துக்கொள்வதே முறை. குழாய் உரசும் மூக்கில் வாசலின், தைலம் போன்ற எண்ணெய்ப் பசையுள்ளவற்றைத் தடவக்கூடாது. விக்ஸ் டப்பாவைப் பிரிவது பெரியம்மாவுக்கு அடுப்பைப் பிரிந்ததைவிடக் கடினமாயிருந்தது.

மதரஸாவில் ஓதிக்கொடுப்பவர்கள் என்பதால் எங்களிடம் மருந்தைவிட மார்க்கத்தைப் பற்றியே அதிகம் கேட்கின்றனர். தொழுகை பற்றிய கேள்விக்கு விடை தெளிவானது. மூலநோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் கேட்டதும், நின்றும் இயலாவிடில் உட்கார்ந்தும் அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததும் புகாரியில் பதிவாகியுள்ளன. தலை தாழ்ந்தால் மூச்சு முட்டுகிறவர், நாற்காலியில் அமர்ந்து சைகையால் சஜ்தா செய்யலாம். மூக்கில் குழாயோடு தொழுவதில் குறையேதுமில்லை. ஒளுவுக்கு வெந்நீர் கலந்துகொள்ளலாம். சிரமத்தைத் தேடிச் சுமப்பது தக்வா ஆகாது.

நோன்பைப் பற்றி, ஜித்தாவில் 1997இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, ஆக்சிஜன் வாயு நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. மருந்து கலந்த இன்ஹேலரைப் பற்றிய முடிவை அந்த அமர்வு ஒத்திவைத்தது. அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இன்றும் உண்டு. நம் பகுதி ஆலிம்களில் பலர் நோன்பு முறியும் என்றே கூறுகின்றனர். நாளுக்கு இருமுறை போதுமான இன்ஹேலர் ஸஹரிலும் இஃப்தாரிலும் அமையுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஆனால் மூச்சுத் திணறும் வேளையில் எந்தக் கருத்து வேறுபாட்டையும் எண்ணிக்கொண்டு உட்காரக்கூடாது. இன்ஹேலரை எடுத்தாக வேண்டும். வலப்பக்க இதயம் தளர்ந்தவருக்குக் குணமாகி நோன்பு நோற்கும் நம்பிக்கை இல்லையெனில், ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவு என்னும் ஃபித்யாவே அவருக்குரிய சட்டம். அதனை ஏற்கத் தயங்கும் பெரியவர்களுக்கு, சலுகையைத் தந்தவனும் அந்த இறைவனே என்று எடுத்துச் சொல்லுங்கள்.

பயணத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் மாவட்டத்திலேயே கொடைக்கானல் உள்ளது. சுமார் 7,000 அடி. அந்த உயரத்தில் காற்று மெலிந்து, சமவெளியில் தாக்குப்பிடிப்பவரின் ஆக்சிஜனும் சரிந்துவிடும். உடனே நுரையீரலின் மடைகள் இன்னும் இறுகும். நெஞ்சுச் சளிக்கு மலைக்காற்று நல்லது என்று வயதானவரை அழைத்துச் செல்வோர் இதனை அறிய வேண்டும். விமானத்தினுள் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்திற்கு ஒப்பாகக் குறையக்கூடும் என்பதால், உம்ராவுக்குப் பறப்பதும் ஒருவகையில் கொடைக்கானல் ஏறுவதே. மருத்துவரின் சோதனையும், விமான நிறுவனத்தின் முன் அனுமதியும் இன்றிப் புறப்படலாகாது. இயலாதவருக்காகப் பிறர் ஹஜ் செய்வதற்கு மார்க்கத்தில் இடமுண்டு.

செலவு பற்றிய கேள்வியும் நியாயமானதே. ஐந்து லிட்டர் இயந்திரம் ஏறத்தாழ 300 வாட் மின்சாரம் எடுக்கும். 15 மணி நேரத்திற்கு நாலரை யூனிட். இரண்டு மாதத்திற்கு 270 யூனிட். அரசு தரும் 100 யூனிட் இலவசத்தில் இது அடங்காது. ஸதகா கொடுக்க விரும்புவோர் இந்த மின்கட்டணத்தை ஏற்றுக்கொண்டால் அது ஒரு மனிதரின் மூச்சாகவே ஆகும். கொரோனா காலத்தில் வாங்கப்பட்ட இயந்திரங்கள் பல இடங்களில் மூலையில் கிடக்கின்றன. அவற்றை மஹல்லாவில் கணக்கெடுத்து இரவல் தரலாம். நெடுநாள் ஓடாமல் கிடந்தால் உள்ளிருக்கும் சியோலைட் ஈரம் உறிஞ்சிக் கெட்டுவிடும். ஆகவே வரும் வாயுவின் தூய்மையை அளந்து பார்த்தபின்னரே கொடுக்க வேண்டும்.

பெரியம்மாவுக்குக் கடிகாரத்தைவிட வக்து பழக்கம். எனவே 15 மணி நேரத்தை வக்தைக் கொண்டே பிரித்துக் கொடுத்தோம். இஷாவுக்குப் பின் ஒன்பது மணிக்குப் படுத்து பஜ்ருக்கு ஐந்து மணிக்கு எழும்வரை எட்டு. பஜ்ருக்குப் பின் திக்ரிலும் ஓதலிலும் இரண்டு. லுஹருக்குப் பின் உறக்கம் இரண்டு. அஸருக்குப் பின் தெருப் பிள்ளைகளுக்கு அலிஃப் பா சொல்லிக் கொடுக்கும் நேரம் இரண்டு. மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே ஒன்று. குழாய் நீளமானது, முசல்லாவரை எட்டும். பிள்ளைகள் முதல் வாரம் அதனையே உற்றுப் பார்த்தனர். இப்போது யாரும் கவனிப்பதில்லை. கால் வீக்கம் வடிந்துள்ளது. படி ஏறமுடியாது, வாசல்வரை நடக்கின்றார்.

மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள்தான் சிரமம். காலை ஒன்பதுக்குப் போனால் மாலையில்தான் வரும். அறிவிப்பு முந்திய நாளே வந்துவிடுவதால், அந்த ஒரு நாளுக்கு மட்டும் சிறிய உருளை ஒன்றை வாடகைக்கு எடுத்து, கட்டில் காலோடு சங்கிலியிட்டு நிறுத்துகின்றோம். இதே தெருவில் இயந்திரம் வைத்திருப்பவர்கள் இன்னும் மூவர் இருப்பது அப்படி உருளை தேடிப் போனபோதுதான் தெரியவந்தது. நால்வருக்கும் பொதுவாக இரண்டு உருளைகளைச் சொந்தமாகவே வாங்கி வைப்பதற்கு இப்போது தொகை சேர்த்து வருகின்றோம்.